‘புரவலர்’ என்ற சொல்லை அரசியலுக்கு வாரிக்கொடுக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் நடுப்பக்கக் கட்டுரை ஒன்று, ஆட்சிக்கு வரும் கட்சிகள் தமக்கு வேண்டியவர்களை வாரியங்களிலும் குழுக்களிலும் அமர்த்திக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றிப் பேசியது. கட்டுரையின் கருத்தோடு எனக்குப் பிணக்கு எதுவும் இல்லை. ஆனால் அந்த வழக்கத்துக்கு அதில் இட்டிருந்த பெயர் ‘புரவலர் முறை’ என்பதையும், பதவி வாங்கித் தரும் தலைவரை ‘அரசியல் புரவலர்’ என்று நான்கு இடங்களில் குறித்திருந்ததையும் படித்தபோது, காலைக் காப்பி ஆறிப்போகும் வரை அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் ‘பேட்ரனேஜ்’ என்று வரும் இடங்களில் எல்லாம் அகராதியில் முதலில் கிடைத்த தமிழ்ச் சொல்லை எடுத்து வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. 31 ஆண்டுகள் மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஒரு சொல்லை இடம் பார்க்காமல் பெயர்த்ததால் சாட்சியத்தின் பொருளே திரும்பிப்போனதைக் கண்டிருக்கிறேன். ஆகவே இதைச் சிறிய பிழை என்று விட்டுவிட மனம் வரவில்லை. கடிதம் நீள்வதைப் பொறுத்தருள வேண்டும்.

பேட்ரனேஜ் என்பது ஒரே சொல்லாகத் தோன்றினாலும், அதற்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு உறவுகள் குடியிருக்கின்றன. அவை ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்த வழி தெரிந்தால், தமிழில் எங்கே எந்தச் சொல்லை வைப்பது என்பதும் தானே தெரிந்துவிடும்.

இலத்தீனில் ‘பாதெர்’ என்றால் தந்தை. அதிலிருந்து வந்தது ‘பத்ரோனுஸ்’. பெற்ற தந்தை அல்லாதவர், தந்தையின் இடத்தில் நின்று ஒருவரைத் தம் காவலில் வைத்துக்கொள்பவர் என்பது அதன் பொருள். அவருடைய காவலில் இருப்பவர் ‘கிளியென்ஸ்’. இன்று நாம் கிளையன்ட் என்கிறோமே, அதுதான். பழைய உரோமாபுரியில் இந்த உறவு வெறும் தயவாக இருக்கவில்லை. கி.மு. 450 வாக்கில் எழுதப்பட்ட பன்னிரண்டு பட்டயச் சட்டத்தில், தன்னை அண்டியவனை ஏமாற்றிய பத்ரோனுஸ் சபிக்கப்பட்டவன் ஆகட்டும் என்று ஒரு விதி உண்டு. அந்தக் காலத்தில் அப்படிச் சபிக்கப்பட்டவனை யார் கொன்றாலும் கொலைப்பழி வராது. அண்டியவன் நன்றி மறந்தால் என்ன தண்டனை என்று கேட்டுப் பழகிய நமக்கு, ஆதரிப்பவன் தவறினால் என்ன தண்டனை என்பதை முதலில் எழுதிவைத்த அந்தச் சட்டம் வியப்பையே தருகிறது.

சட்டம் அப்படி இருக்க, நடைமுறை வேறு விதமாகப் போனது. பேரரசுக் காலத்தில் கிளியென்ஸின் நாள் விடியுமுன்பே தொடங்கிவிடும். கனத்த கம்பளித் துணியான தோகாவைச் சுற்றிக்கொண்டு, குண்டும் குழியுமான தெருக்களில் நடந்து, பெரியவர் வீட்டு முன்கூடத்தில் போய் வரிசையில் நிற்க வேண்டும். அவர் வெளிப்பட்டதும் வணக்கம் சொல்ல வேண்டும். அவர் வெளியே புறப்பட்டால் கூட்டமாகப் பின்னால் போக வேண்டும். இதற்குக் கூலியாகக் கிடைத்தது ‘ஸ்போர்த்துலா’. அச்சொல்லுக்குச் சிறு கூடை என்று பொருள். முதலில் அந்தக் கூடையில் சாப்பாடு போட்டுக் கொடுத்தார்கள். பிறகு சாப்பாட்டுக்குப் பதிலாகக் காசு எண்ணிக் கொடுத்தார்கள். முதல் நூற்றாண்டுக் கவிஞர் மார்ஷியல் காலத்தில் அதன் வழக்கமான அளவு 100 குவாத்ரன்ஸ். ஒரு குவாத்ரன்ஸ் என்பது பொதுக் குளியல் கூடத்தில் ஒருவர் நுழையக் கொடுக்க வேண்டிய சில்லறை. ஸ்பெயினிலிருந்து பிழைப்புத் தேடி வந்து தாமும் அப்படி வாசல்களில் நின்றவர் என்பதால், மார்ஷியலின் கேலியில் கால்வலியும் கலந்தே இருக்கும். நம்மூர் அமைச்சர்கள் வீட்டு வாசலில் காலை ஆறு மணிக்குச் சால்வையும் மனுவும் கையுமாக நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அடுத்தது நீதிமன்றம். எனக்கு நன்கு தெரிந்த இடம் என்பதால் இங்கே சற்று நின்று போகிறேன். தன்னை அண்டியவனுக்கு வழக்கு வந்தால் எழுந்து நின்று பேச வேண்டியது பத்ரோனுஸின் கடமை. அதனால் வழக்காடுபவருக்கே அந்தப் பெயர் வந்துவிட்டது. தந்தை முறையில் செய்யும் வேலைக்குக் கூலி ஏது? ஆகவே வழக்காடுபவர் கட்டணம் வாங்கக் கூடாது என்று கி.மு. 204இல் கிங்கியச் சட்டம் தடை போட்டது. தடை எவ்வளவு மதிக்கப்பட்டது என்பது வேறு கதை. சிசிலித் தீவைச் சூறையாடிய ஆளுநர் வெர்ரெஸ் மீது கி.மு. 70இல் உரோமாபுரியின் புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோ தொடுத்த வழக்கும் இந்த உறவிலிருந்து எழுந்ததே. ஐந்தாண்டுகளுக்கு முன் அங்கே நிதி அலுவலராக இருந்து நற்பெயர் எடுத்தவர் என்பதால் தீவு மக்கள் அவரைத் தங்கள் பத்ரோனுஸாக நாடி வந்தார்கள்.

இனி நம் நீதிமன்றத்துக்கு வருவோம். வக்கீலிடம் வழக்கை ஒப்படைத்தவரை நாம் என்னவென்று சொல்கிறோம்? கட்சிக்காரர். ‘என் கட்சிக்காரர் வெளியூர் சென்றிருப்பதால் வாய்தா வேண்டும்’ என்ற வாக்கியத்தை ஆயிரக்கணக்கான முறை கேட்டிருக்கிறேன். அரசியல் கட்சியைச் சேர்ந்தவரை என்னவென்று சொல்கிறோம்? அவரும் கட்சிக்காரர்தான். வழக்கில் ஒரு பக்கத்தைக் குறித்த ‘கட்சி’, தேர்தல் வந்த பிறகு கொடி பிடித்த ‘கட்சி’யாகவும் ஆனது. வழக்குக்காக வாசலுக்கு வந்தவனையும் வேலைக்காக வாசலுக்கு வந்தவனையும் உரோமானியர்கள் ஒரே சொல்லால் அழைத்தார்கள். இருவரையும் ஒரே சொல்லால் அழைக்க நாமும், அவர்களைக் கேட்காமலே, வந்து சேர்ந்திருக்கிறோம். தங்கள் கட்டுரையாளர் ‘பயனாளி’ என்று எழுதிய இடத்தில் ‘கட்சிக்காரர்’ என்று எழுதியிருந்தால், பேருந்து நிலையத் தேநீர்க்கடையில் நாளிதழைப் புரட்டுபவருக்கும் பொருள் உடனே போய்ச் சேர்ந்திருக்கும்.

விடுதலை பெற்ற அடிமைக்கும் பழைய எசமானருக்கும் இடையே மிஞ்சிய உறவுக்கும் இதே பெயர்தான். விடுவித்தவர் அன்றிலிருந்து அவனுக்குப் பத்ரோனுஸ்; அவருடைய பெயரையே அவன் தாங்க வேண்டும். சிசரோவின் எழுத்தர் தீரோ, கி.மு. 53இல் விடுதலை பெற்றதும் மார்க்குஸ் துல்லியுஸ் தீரோ ஆனார். முன்னிரண்டும் சிசரோவின் பெயர்கள். ஊர்கள்கூடத் தங்களுக்கென்று ஒரு பத்ரோனுஸைத் தேர்ந்து, அதை வெண்கலத் தகட்டில் பொறித்துக் கொடுத்தன. அப்படிப்பட்ட தகடுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

இடைக்காலத்தில் இச்சொல்லைக் கிறித்தவத் திருச்சபை எடுத்துக்கொண்டது. விண்ணகத்தில் நின்று நமக்காகப் பரிந்து பேசும் புனிதர், ஊருக்கோ தொழிலுக்கோ பத்ரோனுஸ் ஆனார். இதற்குத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் வெகு காலமாக வைத்திருக்கும் சொல் ‘பாதுகாவலர்’. பங்கின் பாதுகாவலர் திருவிழா என்று சுவரொட்டி ஒட்டுகிறார்களே தவிர, புரவலர் திருவிழா என்று யாரும் ஒட்டுவதில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் உட்கார்ந்து யோசிக்காமலே மக்கள் செய்துவிட்ட சரியான தேர்வு இது.

மண்ணில் அதற்கு வேறு பொருள் வந்தது. கோயிலைக் கட்டி நிலம் எழுதிவைத்தவருக்கு, அங்கே எந்தக் குரு வர வேண்டும் என்று பெயர் சொல்லும் உரிமை. இங்கிலாந்தில் இந்த உரிமை நிலபுலன் போல விலைக்கு விற்கப்பட்டது. ஸ்காட்லாந்தில் 1712இல் போட்ட சட்டத்தால் நிலக்கிழார்கள் விருப்பப்படி போதகர்களை அமர்த்த, அதைப் பொறுக்க முடியாமல் 1843இல் 450க்கும் மேற்பட்ட போதகர்கள் வீட்டையும் சம்பளத்தையும் விட்டு வெளியேறித் தனிச் சபை கண்டார்கள். சென்னையில் 1837இல் பள்ளி தொடங்கியிருந்த ஜான் ஆண்டர்சனும் அவர்கள் பக்கம் சேர்ந்தார். அந்தப் பள்ளி வளர்ந்துதான் சென்னை கிறித்துவக் கல்லூரி ஆனது. ஸ்காட்லாந்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1874இல்.

தமிழ்நாட்டோடு இன்னும் நெருக்கமான உறவு இச்சொல்லின் போர்த்துக்கீசிய வடிவத்துக்கு உண்டு. ‘பத்ரோவாதோ’ என்பது அதன் பெயர். புதிதாகப் பிடித்த நாடுகளில் கோயில் கட்டுவதும் குருக்களை அனுப்பிச் செலவு பார்ப்பதும் போர்த்துக்கீசிய அரசரின் பொறுப்பு. அதற்கு ஈடாக, ஆயராக, அதாவது பிஷப்பாக, யார் வர வேண்டும் என்று முன்மொழிவது அவருடைய உரிமை. 1606இல் மயிலாப்பூர் சாந்தோம் மறைமாவட்டம் உருவானது இந்த ஏற்பாட்டின் கீழ்தான். பிறகு போர்த்துக்கல்லின் கை தளர்ந்தது. 1622இல் உரோமையில் ஏற்பட்ட மறைபரப்புப் பேராயம் நேரடியாகத் தன் ஆட்களை அனுப்பத் தொடங்கியது. அரசரோ செலவைச் சுருக்கிக்கொண்டாரே தவிர உரிமையை விடவில்லை. ஒரே பகுதியில் சில பங்குகள், அதாவது ஊர்ச் சபைகள், ஓர் ஆயருக்கும் சில பங்குகள் இன்னோர் ஆயருக்கும் கட்டுப்பட்ட இரட்டை ஆட்சி, தலைமுறை தலைமுறையாக நீடித்தது. நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும் அடங்கிய எங்கள் கடற்கரை, 1952இல் தஞ்சாவூர் மறைமாவட்டம் அமையும்வரை மயிலாப்பூரின் கீழ்தான் இருந்தது. இந்த வரலாற்றைத் தமிழில் எழுதுபவர்கள் பத்ரோவாதோவைப் ‘புரவலர் உரிமை’ என்று எழுதினால் பாதிப் பொருள் போய்விடும். ‘ஆயர் நியமன உரிமை’ என்று நேராக எழுதிவிட்டால் வம்பில்லை.

இங்கே ஒரு சிறு விலகல். தையற்கடையில் சட்டையின் கழுத்துக்கும் கைக்கும் பழுப்புக் காகிதத்தில் வெட்டி ஆணியில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்களே, அந்தப் ‘பேட்டர்ன்’ என்ற சொல்லும் இதே பத்ரோனுஸின் பிள்ளைதான். பெரியவர் எப்படியோ அப்படியே மற்றவரும் என்பதால், பின்பற்ற வேண்டிய மாதிரிக்கு அந்தப் பெயர் வந்தது. ஏறக்குறைய 1700 வரை ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லாகக் குழம்பிக் கிடந்து, பிறகுதான் பாகப்பிரிவினை செய்துகொண்டன. பிரெஞ்சில் இன்றும் தையற்காரரின் அந்தக் காகிதத்துக்கும் கடை முதலாளிக்கும் ஒரே பெயர்.

எழுத்தாளரையும் கலைஞரையும் ஆதரிப்பவர் என்ற பொருள், மேற்சொன்னவற்றின் நிழலில் வளர்ந்தது. அந்தப் பொருளின் பெருமையையும் கசப்பையும் ஒருங்கே சொன்னவர் ஆங்கில அகராதி செய்த சாமுவேல் ஜான்சன். 1747இல் தம் அகராதித் திட்டத்தைச் செஸ்டர்ஃபீல்டு பிரபுவின் பெயருக்கு எழுதி வெளியிட்டார். பிரபுவிடமிருந்து ஒரு முறை பத்துப் பவுண்டு வந்ததோடு சரி. வேலை முடியும் தறுவாயில், 1754இன் இறுதியில், பிரபு அகராதியைப் புகழ்ந்து இதழில் இரண்டு கட்டுரைகள் எழுதினார். 1755 பிப்ரவரியில் ஜான்சன் அவருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். உங்கள் வெளியறையில் காத்திருந்து, உங்கள் வாசலிலிருந்து விரட்டப்பட்டு ஏழாண்டுகள் ஆகின்றன என்று தொடங்கி, தண்ணீரில் ஒருவன் உயிருக்குப் போராடும்போது சும்மா பார்த்துவிட்டு, அவன் கரையேறியதும் உதவி செய்கிறேன் என்று தடுக்கிவிழ வைப்பவருக்குத்தானே பேட்ரன் என்று பெயர் என்று கேட்டார். இரண்டு மாதம் கழித்து வெளிவந்த அகராதியில் அச்சொல்லுக்கு எழுதிய விளக்கத்திலும் கையை அடக்கவில்லை: ஆதரிப்பவர், காப்பவர் என்று சொல்லிவிட்டு, பெரும்பாலும் திமிரோடு ஆதரித்து முகத்துதியைக் கூலியாகப் பெறும் அற்பர் என்று சேர்த்தார். இதே ஜான்சன், 1762இல் அரசர் தந்த ஆண்டுக்கு 300 பவுண்டு உதவித்தொகையை வாங்கிக்கொண்டார் என்பதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஜான்சன் அந்தக் கடிதத்தை எழுதுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன், ஏறக்குறைய அதே மனக்குறையை ஒன்பது வரிகளில் ஒருவர் பாடிவைத்திருக்கிறார். மலையும் குன்றும் கடந்து அதியமானிடம் வந்த பெருஞ்சித்திரனாருக்கு, மன்னன் நேரில் வராமல், இதைக் கொண்டு இப்படியே செல்க என்று பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பினான். ‘காணாது ஈத்த இப்பொருட்கு யானோர் வாணிகப் பரிசிலன் அல்லேன்’ என்று அவர் மறுத்துவிட்டார். என்னைப் பார்த்து, என் தகுதி அறிந்து கொடுத்தால், அது தினையளவு ஆனாலும் இனிது என்கிறது பாட்டின் முடிவு. புறநானூற்றில் 208ஆம் பாட்டு. இருவருக்கும் உறுத்தியது கொடுத்தவன் தங்களைக் காணவில்லை என்பதே. பொருளின் அளவு இருவருக்கும் இரண்டாம்பட்சம். ஆனால் ஜான்சன் அந்தக் கசப்பைச் சொல்லின் பொருளிலேயே ஏற்றிவிட்டார். பெருஞ்சித்திரனார் தமிழ்ச் சொல்லைக் களங்கமின்றி விட்டுவைத்தார்.

விட்டுவைத்தது மட்டும் இல்லை, அதை எப்படிப் பிடிக்க வேண்டும் என்றும் காட்டினார். இளவெளிமான் என்ற தலைவன் கொடுத்த சிறிய பரிசிலை ஏற்காமல் போய், வள்ளல் குமணனிடம் யானையே பரிசாகப் பெற்று, திரும்பி வந்து இளவெளிமானுடைய காவல்மரத்தில் அதைக் கட்டிவிட்டுப் பாடினார்: ‘இரவலர் புரவலை நீயும் அல்லை, புரவலர் இரவலர்க்கு இல்லையும் அல்லர்.’ இரப்பவரைக் காப்பவன் நீயும் அல்லன், இரப்பவருக்குக் காப்பவர் இல்லாமலும் இல்லை என்பது பொருள். இரப்பவரும் புரப்பவரும் எதுகையாலேயே இணைந்த சோடி. ஒருவர் இல்லாமல் மற்றவருக்குப் பெயரே இல்லை. அதே சோடியைத் திருக்குறளிலும் காணலாம்: ‘புரந்தார்கண் நீர்மல்கச் சாகிற்பின் சாக்காடு இரந்துகோள் தக்கது உடைத்து.’ தன்னைப் புரந்தவனுடைய கண்ணில் நீர் பெருகும்படி போர்க்களத்தில் இறக்க முடியுமானால், அந்தச் சாவை இரந்தாவது பெறலாம் என்கிறார் வள்ளுவர். புரவலன் அழ வேண்டும். அப்போதுதான் அவன் புரவலன். வாரியத் தலைவர் பதவி தந்தவரிடம் இதை எதிர்பார்க்க முடியுமா?

என் வாதத்துக்கு எதிரான ஒரு சான்றையும் மறைக்காமல் வைக்கிறேன், இல்லாவிட்டால் தங்கள் வாசகர்களில் கல்வெட்டு அறிந்தவர் ஒருவர் அடுத்த வாரம் எழுதிவிடுவார். சோழர் கல்வெட்டுகளில் நிலவரித் துறைக்குப் ‘புரவுவரித் திணைக்களம்’ என்று பெயர். புரத்தல் என்ற வேரிலிருந்து காப்பும் கொடையும் மட்டும் கிளைக்கவில்லை, இறையும், அதாவது வரியும், கிளைத்திருக்கிறது. மன்னன் அள்ளிக் கொடுத்ததும் ஊரார் அளந்த நெல்லிலிருந்துதானே, இன்றைய தலைவர் கொடுப்பதும் மக்கள் சொத்துதானே, இரண்டுக்கும் ஒரே பெயர் இட்டால் என்ன என்று கேட்கலாம். நான் சொல்வது இதுதான்: அன்று அரசனின் பொருள் வேறு, நாட்டின் பொருள் வேறு என்ற கோடு கிழிக்கப்படவில்லை, கொடுத்ததைக் கல்லிலும் செப்பேட்டிலும் வெட்டி ஊரறிய வைத்தார்கள், வாங்கியவன் அவையில் நின்று மறுக்கவும் முடிந்தது. இன்று கோடு கிழிக்கப்பட்டுவிட்டது. கோட்டைத் தாண்டிக் கொடுப்பவருக்குக் கோடு இல்லாத காலத்துப் பட்டத்தைச் சூட்டுவது, குற்றப்பத்திரிகையில் எதிரியை ‘வள்ளல்’ என்று குறிப்பதைப் போன்றது.

அந்தக் கோடு எப்படி விழுந்தது என்பதிலும் சென்னைக்குப் பங்கு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலைக்கு வருவதற்கு லண்டனில் இருந்த இயக்குநர்களில் ஒருவர் பெயர் சொல்ல வேண்டும்; யாருக்கு எத்தனை இடம் என்று அவர்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்வார்கள். இதை அவர்கள் பேட்ரனேஜ் என்றே கூச்சமில்லாமல் அழைத்தார்கள். அப்படி வந்து இறங்கிய இளைஞர்களுக்கு முதற்பதவி ‘ரைட்டர்’; காவல் நிலையத்தில் அந்தப் பெயர் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. 1853ஆம் ஆண்டுச் சட்டம் இயக்குநர்களிடமிருந்து அந்த உரிமையைப் பறித்தது. 1855இல் முதல் போட்டித் தேர்வு லண்டனில் நடந்தது. இங்கிலாந்தின் உள்நாட்டு அலுவலகங்களிலும் பேட்ரனேஜை ஒழித்துத் தேர்வு வைக்க வேண்டும் என்று 1854இல் அறிக்கை வெளியிட்ட இருவரில் ஒருவரான சார்லஸ் டிரெவெல்யன், 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். தேர்வு லண்டனில் மட்டுமே நடந்ததால் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அதனால் உடனே பயன் விளையவில்லை என்பது உண்மை. ஆனாலும் 1929இல் இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாகச் சென்னையில் பணியாளர் தேர்வாணையம் அமைந்தபோது, சிபாரிசுக் கடிதத்துக்கு எதிரான ஒரு நிறுவனம் நமக்கும் கிடைத்தது. அமெரிக்காவில் இதே மாற்றம் வர ஓர் உயிர்ப்பலி தேவைப்பட்டது; பதவி கேட்டுக் கிடைக்காத ஒருவன் 1881இல் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டைச் சுட்டான்; 1883இல் தகுதி பார்த்து வேலை கொடுக்கும் சட்டம் வந்தது.

இத்தனை வண்டிகளில் ஏறி இறங்கிய சொல், கடைசியாக வந்து நின்ற இடம் மளிகைக்கடை. பிரபுக்களின் ஆதரவு குறைந்து, நூலை வாங்கும் பலருடைய ஆதரவு பெருகிய காலத்தில், வாடிக்கையாளரும் ஆங்கிலத்தில் பேட்ரன் ஆனார். தமிழில் அந்த இடைநிலையைக் காட்டும் சொல் ‘கையொப்பம்’. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே. சாமிநாதையரைப் போன்ற பதிப்பாசிரியர்கள், நூல் வெளிவந்ததும் வாங்கிக்கொள்வதாகக் கையெழுத்திட்டவர்களை நம்பியும் வேலையில் இறங்கினார்கள். ஒற்றைப் புரவலரின் இடத்தில் ஒரு பட்டியல் வந்தது. இன்று எங்கள் தெருக்கோடிக் கடைக்காரர் ஆண்டுதோறும் தரும் தினசரிக் காலண்டரின் அட்டையில், விநாயகர் படத்துக்குக் கீழே, ‘தங்கள் மேலான ஆதரவை என்றும் நாடும்’ என்று அச்சிட்டுக் கடையின் பெயர் போட்டிருக்கிறது. ஐம்பது காசு மிட்டாய் வாங்கும் சிறுவனும் அந்த வாக்கியத்தின்படி மேலானவன்தான். எனக்கு மிகவும் பிடித்த பேட்ரனேஜ் இதுவே.

ஆங்கிலத்தில் இதிலிருந்தே பிறந்த ‘பேட்ரனைஸ்’ என்ற வினைக்கு, மேலிருந்து கீழே பார்த்து இரக்கப்படுவதுபோலப் பேசுவது என்ற பொருளும் உண்டு. அதற்குத் தமிழில் ‘பெரியமனிதத் தோரணை’ என்று எழுதினால் போதும். ஒரு கட்டுரையில் அதையும் ‘புரவலர் மனப்பான்மை’ என்று கண்டேன்.

எனவே தங்கள் உதவியாசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவே. தம் சொந்தப் பொருளைக் கல்விக்கோ கலைக்கோ தருபவரைப் பற்றி எழுதும்போது புரவலர் என்று எழுதுங்கள். பழைய சபைகளின் அழைப்பிதழ்களில் வரும் ‘போஷகர்’ என்பதும் எனக்குச் சம்மதமே. ஆட்சியைப் பயன்படுத்திப் பதவி வழங்குவதைப் பற்றி எழுதும்போது, ‘பதவிச் சலுகை’ என்றோ ‘வேண்டியவர் நியமனம்’ என்றோ எழுதுங்கள். ‘அவர் அமைச்சருக்கு வேண்டியவர்’ என்று ஊரில் ஒருவர் சொன்னால், கேட்பவர் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அவ்வளவு தெளிவான சொல் கையில் இருக்கும்போது அகராதியைத் தேடிப் போக வேண்டிய தேவை என்ன? வாசலில் நிற்பவர் கட்சிக்காரர். உள்ளே இருப்பவரைத் தலைவர் என்றே சொல்லலாம், அதற்கு மேல் பட்டம் வேண்டாம்.

இதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் 1000 ரூபாய் செலுத்தி நானும் ஒரு புரவலன். நுழைவாயிலில், செருப்பு விடும் இடத்துக்கு மேலே, நீல நிறப் பலகையில் வெள்ளை எழுத்தில் எங்கள் பெயர்கள் இருக்கின்றன. எழுதியவர் தலைப்பில் ‘புறவலர்கள்’ என்று வல்லின றகரத்தைப் போட்டுவிட்டார். புறம் என்றால் வெளி; வெளியறையிலேயே காக்க வைத்த செஸ்டர்ஃபீல்டுக்கு அது பொருந்தியிருக்கும் என்று நூலகரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, பெயின்டர் பொங்கலுக்கு முன் வேறு வேலையாக வருவார், அப்போது மாற்றச் சொல்கிறேன் என்றார். தங்கள் நாளிதழ் அங்கே மேசையில் கிடக்கிறது; அதில் ரகரம் சரியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.